கடற்செலவும் காப்பூசியும்

கடல் கடந்து செல்வார்க்கு முற்காலத்தில் இன்றியமையாது வேண்டப்பட்டவை கலமும் காற்றும் கட்டுச்சோறுமே. இக்காலத்திலோ, பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் கைப்பொருளும் நிரம்ப உடையவராயினும், உள்ளங்கையளவான மஞ்சள் நிறக் கையேடு ஒன்று இல்லாமையால் துறைமுகத்தில் தடைப்பட்டு நிற்பார் உளர். அக்கையேடு, ஊசி ஒன்று குத்தப்பெற்றதற்குச் சான்று. அதனை யாவர் யாவரிடம் கேட்பர், கேட்பதன் காரணம் என்னை, ஊசியைக் கண்டு நடுங்குவார் என் செய்தல் வேண்டும் என்பவற்றை யாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் வினவுக. எம் நண்பர் ஒருவர் பொருட்டு இதனைக் கற்க நேர்ந்தது. கற்றதை வீணாக்க மனம் வரவில்லை.

அந்நண்பர் மயிலாப்பூரிற் சித்திரக்குளத்தின் அருகே பாட்டியாருடன் வாழ்பவர். பள்ளியில் எம்மோடு ஒரே பலகையில் அமர்ந்தவர். விடுதிப் பணி பயின்று, பிரேசில் நாட்டுத் துறைகளைத் தொட்டுச் செல்லும் உல்லாசப் பயணக் கப்பலொன்றில் அறைப்பணியாளராக அமர்த்தப்பெற்றார். தந்தையில்லாக் குடும்பம், படிக்கின்ற தங்கை ஒருத்தி, பயிற்சிக் கட்டணத்திற்காகப் பாட்டியாரின் வளையல்கள் அடகு கடையிற் கிடக்கின்றன. இந்நிலையிற் கிடைத்த வேலையை அக்குடும்பம் எவ்வாறு போற்றியிருக்கும் என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. குறித்த நாளுக்குள் மஞ்சட்காய்ச்சல் ஊசியின் சான்று காட்டுதல் வேண்டும், இல்லையேல் அவ்விடம் பிறர்க்குப் போம் என்று முகவர் தெரிவித்தார். நண்பர் மெரினாவின் அலைகளுக்கு அஞ்சாதவர்; ஆனால் ஊசிக்கு அஞ்சுவார். பல் வலித்தபோதும் மருத்துவரிடம் போகாமல் ஒரு மாதம் கிராம்பை மென்றே காலங்கழித்தவர் அவர்.

ஊசி போடும் இடத்திற்குச் சென்ற முதல் நாளில், வரிசையில் தமக்கு முன் நின்றவர் சட்டைக் கையைச் சுருட்டியதைக் கண்ட அளவிலேயே முகம் வெளிறி, வியர்வை பெருகி, கண்ணிருண்டு கீழே சாய்ந்தார். தெளிவித்துத் தண்ணீர் கொடுத்தார்கள். எழுந்தவர் ஒன்றும் பேசாமல் ஆட்டோ ஏறி வீடு வந்து சேர்ந்தார். விமானம் ஏறும் நாளுக்கு அப்பொழுது 24 நாள்கள் இருந்தன. அன்று மாலையே தரகர் ஒருவர் அவரை நாடி, ஊசியே இல்லாமற் சான்று மட்டும் வாங்கித் தருவதாகக் கூறிச் சென்றார். நண்பர் எம்மிடம் வந்து கேட்டது இதுதான்: "நீ என்ன சொல்கிறாய்? வாங்கிவிடலாமா?" உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அச்சான்று எதற்கு என்பதே எமக்கு அப்போது தெரியாது.

நோய்க்கும் கப்பலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஏட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ரகூசா நகரத்தார் 1377-இல், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருவார் ஊருக்குள் புகுமுன் முப்பது நாள் புறத்தே தங்குதல் வேண்டுமென விதித்தனர். பின்னர் அது நாற்பது நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லே இன்று நாம் வழங்கும் குவாரன்டைன் என்பதற்கு வேர். கப்பல்களில் மஞ்சட்கொடி ஏற்றும் வழக்கமும் இவ்வுறவினின்று பிறந்ததே. முற்காலத்தில் அக்கொடி நோயுள்ள கலத்தைக் குறித்தது. இன்று அதன் பொருள் தலைகீழாயிற்று: 'எம் கலத்தில் நோயில்லை, துறைக்குள் வர இசைவு தருக' என்பதே இப்போது அதன் குறிப்பு. சொற்களைப் போலவே கொடிகளுக்கும் பொருள் திரியும் போலும்.

ஊசி மருந்து கப்பல் ஏறிய வரலாறு இதனினும் வியப்புடையது. எட்வர்டு ஜென்னர் 1796 மே 14-ஆம் நாளன்று, பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசு அம்மைப்பாலை எடுத்து ஒரு சிறுவனுக்குக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கும் வழி கண்டார். குளிர்ப்பெட்டி இல்லாத அக்காலத்தில் அப்பாலை உலர்த்தித் தொலைதூரம் கொண்டு சென்றால் பெரும்பாலும் கெட்டுப்போகும். ஆதலால் மனிதர் கையே மருந்துக் குப்பியாயிற்று. 1803-இல் ஸ்பெயின் நாட்டினின்று பால்மிஸ் என்னும் மருத்துவர் தலைமையில் அமெரிக்கா நோக்கிச் சென்ற கப்பலில் ஆதரவற்ற சிறுவர் இருபத்திருவர் ஏற்றப்பெற்றனர். முதலில் இருவர்க்குக் குத்துவர். அவர் கையிற் கொப்புளம் எழுந்தவுடன் அதன் பாலை அடுத்த இருவர்க்குக் குத்துவர். இவ்வாறே மாற்றி மாற்றி அட்லாண்டிக் கடலைக் கடந்தனர். உலகம் அச்சிறுவர்க்குப் பட்ட கடன் பெரிது. அவர்களுள் எத்தனை பேர் ஊசிக்கு அஞ்சி அழுதனரோ, அதனை எழுதிவைப்பார் இலர்.

நம் நாட்டிற்கு அம்மைப்பால் அதற்கு முன்னரே, 1802-இல், பாக்தாது, பசுரா வழியாகக் கைக்குக் கை மாறிப் பம்பாய்த் துறையை அடைந்தது. அவ்வாண்டு ஜூன் 14-ஆம் நாள் அங்கே மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு முதன்முதற் குத்தினர். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. சென்னை மக்கள் அதனை எளிதில் ஏற்றிலர். அம்மையைத் தெய்வமாகக் கண்டு வேப்பிலை செருகிய வீடுகளில், அத்தெய்வத்தை முந்திக்கொண்டு குத்துவதாவது என்னும் தயக்கம் இருந்தமை இயல்பே. தமிழ்மொழியின் குடும்பத்தை வடமொழியினின்று வேறு பிரித்துக் காட்டி 1816-இல் எழுதிய எல்லிஸ் துரையை நம் மாணாக்கர் அறிவர். அவரே, மக்கள் தயக்கத்தைப் போக்கும் பொருட்டு, அம்மைகுத்துதல் பழைய சாத்திரத்திலேயே உள்ளதெனத் தோன்றும் வண்ணம் செய்யுள் புனைந்தார் என்று கூறுவர். நன்மைக்காகச் சொன்ன பொய் வாய்மையாகுமா என்னும் ஆராய்ச்சியை இங்கே தொடங்கினால் கட்டுரை முடியாது. எம் கருத்து, ஆகாது என்பதே.

கடல் கடந்து கூலித் தொழிலுக்குச் சென்ற தமிழர் இச்சோதனைகளை நன்கு அறிந்தவர். சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான் தீவில் 1874-இல் தொற்றுத் தடைமனை அமைந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் சென்றவர் பலர் நகரைக் காணுமுன் அத்தீவைக் கண்டனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்கட்குச் சென்றவர் மண்டபம் முகாமில் நாள் கணக்கில் தங்கிச் சோதனைக்குட்பட்ட பின்னரே தனுஷ்கோடியிற் கப்பலேறினர். 1926-இற் கட்டப்பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலாக் கப்பலிற் பினாங்கு சென்று வந்த முதியோர் மயிலையிலும் தியாகராய நகரிலும் இன்றும் சிலர் உளர். அம்மை குத்திய சான்றைப் பெட்டியின் அடியில் நகையோடு நகையாக வைத்திருந்ததாக அவர்களுள் ஒரு பெரியவர் எம்மிடம் கூறினார்.

அந்த அம்மைப்பாலைப் பெருவாரியாகச் செய்த இடம் அடையாற்றுக்கு அருகிலேயே உள்ளது. கிண்டியிலுள்ள கிங் நிலையம் 1899-இல், சுகாதார அதிகாரியாக இருந்த கிங் என்பவர் பெயரால் நிறுவப்பெற்றது. கன்றுகளின் உடலில் அம்மைப்பால் விளைவித்து மாகாணமெங்கும் அனுப்புதல் அதன் முதற்பணிகளுள் ஒன்று. இந்தியாவிற் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதத்திலும், உலகில் இயற்கையாகப் பற்றிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவிலும் காணப்பட்டனர். 1980 மே 8-ஆம் நாள் உலக நலவாழ்வுப் பேரவை அந்நோய் ஒழிந்ததென அறிவித்தது. அதன்பின் அவ்வூசிக்கும் சான்றுக்கும் வேலையில்லாமற் போயிற்று. எம் நண்பரின் பாட்டியார் கையிற் காசளவான தழும்புகள் இரண்டு உள. எம் தலைமுறையார் கையில் அவை இல்லை.

இனி மஞ்சட்காய்ச்சல். அனைத்துலக நலவாழ்வு விதிகளிற் பெயர் சுட்டி ஊசிச் சான்று கேட்க இடந்தந்துள்ள நோய் இஃது ஒன்றே. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்கா, நடு அமெரிக்காப் பகுதிகளிலுமாக நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இதன் இடர் உண்டு. இதனைப் பரப்புவது கொசு என்று கியூபா நாட்டுக் கார்லோஸ் பின்லே 1881-இற் கூறியபோது நகைத்தனர். 1900-இல் வால்டர் ரீடு குழுவினர் அதனை மெய்ப்பித்தனர். அக்கொசுவோ நமக்குப் புதியதன்று. டெங்குக் காய்ச்சலைத் தரும் அதே ஏடிசுக் கொசுதான். ஒவ்வோராண்டும் மழைக்காலத்தில் மாநகராட்சிப் பணியாளர் நம் வீட்டு மாடிகளிற் பூந்தொட்டித் தட்டையும் தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்த்து ஓட்டுவது இதனையே. பழைய பாய்மரக் கப்பல்களில் இக்கொசு குடிநீர்ப் பீப்பாய்களிற் குஞ்சு பொரித்து, அடிமைகளை ஏற்றிச் சென்ற கலங்களுடன் ஆப்பிரிக்காவினின்று அமெரிக்காவைச் சேர்ந்தது.

இந்தியாவில் இன்றளவும் மஞ்சட்காய்ச்சல் இல்லை. கொசு மட்டும் கோடானு கோடி உண்டு. வீட்டில் விறகும் எண்ணெயும் நிறைந்து, நெருப்பு மட்டும் இல்லாதிருப்பது போன்றது நம் நிலை. நெருப்பை ஏந்தி ஒருவர் உள்ளே வரலாகாது என்பதற்கே நம் அரசு இவ்விதியிற் கடுமையாக இருக்கின்றது. இதனை உணராமையால் பயணிகள் பலர் இடர்ப்படுகின்றனர். செல்லும் நாடு சான்று கேளாதாயின் ஊசி வேண்டா என்று எண்ணிச் சென்றுவிடுவர். கேட்பது மீளும் நாடு. இடருள்ள நாட்டைவிட்டு ஆறு நாளுக்குள் சான்றின்றி இந்தியாவுக்கு வருபவரை ஆறு நாள் வரை தனியே வைக்க விதி உண்டு. நோய் உடலில் நுழைந்து வெளிப்படுதற்கு மூன்று முதல் ஆறு நாள் செல்லும் என்பதே அக்கணக்கின் அடிப்படை. கப்பலிற் செல்வார்க்கு இன்னும் ஒரு நுட்பம் உண்டு: வருமுன் முப்பது நாளுக்குள் இடருள்ள துறையைத் தொட்டு, கொசுமருந்து அடிக்கப்பெறாது வந்த கலத்தினர்க்கும் இவ்விதி பொருந்தும். உல்லாசக் கப்பல் ஒரே செலவிற் பல நாட்டுத் துறைகளைத் தொடுவதாகலின், எந்தத் துறை முன், எந்தத் துறை பின் என்னும் வரிசையே சான்று வேண்டுமா வேண்டாவா என்பதை முடிவு செய்யும். ஆதலாற் பயணச் சீட்டு வாங்குமுன் துறைகளின் வரிசையைக் கையிற் கொண்டு வினவுதல் நன்று.

2022 ஜூன் மாதத்தில் எம்பிரஸ் என்னும் கப்பல் சென்னையினின்று உல்லாசச் செலவு தொடங்கியதையும், 2023 ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை சென்றதையும் நம்மவர் பலர் அறிவர். அத்தகைய செலவிற்கு மஞ்சட்காய்ச்சல் ஊசி வேண்டா. இலங்கையிலும் அந்நோய் இல்லை. ஆயினும் நெருங்கி வாழும் கப்பலில் வேறு நோய்கள் விரைந்து பரவும். 2020 பிப்ரவரியில் யோக்கோகாமாத் துறையில் நிறுத்தப்பட்ட டயமண்டு பிரின்சஸ் கப்பலில் இருந்தவர் 3,711 பேர்; அவருள் 712 பேரைக் கொரோனா பற்றியது. அக்கப்பலிற் பணியாளரும் பயணிகளுமாக இந்தியர் 138 பேர் இருந்தனர். அதன்பின் ஏறக்குறைய எல்லாக் கப்பல் நிறுவனத்தாரும் சிலகாலம் அவ்வூசியைக் கட்டாயமாக்கிப் பின் தளர்த்தினர். ஏனைய ஊசிகளுள் சளிச்சுரம், தட்டம்மை, டைபாய்டு முதலியவை கட்டாயமல்ல. மருத்துவரைக் கேட்டு ஏற்பன. கப்பல்களில் வயிற்றுப்போக்கை விளைக்கும் நோரோ என்னும் நச்சுயிர்க்கோ இன்னும் ஊசியே இல்லை. சோப்பும் தண்ணீருமே மருந்து.

மஞ்சட்காய்ச்சல் ஊசி எவ்விடத்தும் போடப்படுவதன்று. அரசு அதிகாரம் தந்த இடங்களில் மட்டுமே போட்டுச் சான்று அளிப்பர். சென்னையில் முன் கூறிய கிங் நிலையமும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் அத்தகையன. முன்கூட்டியே நாள் குறித்துக் கடவுச்சீட்டுடன் செல்லவேண்டும். நினைத்த நாளெல்லாம் போடாமைக்குக் காரணம் உண்டு: பலர்க்குரிய மருந்து ஒரே குப்பியிற் பொடியாக இருக்கும், நீர் சேர்த்துக் கரைத்தபின் சில மணி நேரத்திற் செலவிடாவிட்டால் வீணாகும், ஆதலாற் பலரை ஒருநாளிற் சேர்த்தழைப்பர். மருந்தின் அளவு அரை மில்லி; குத்துவது மேற்கையில், தோலுக்கு அடியில். மாக்ஸ் தைலர் என்பவர் 1937-இல் உருவாக்கிய 17டி என்னும் வலிகுன்றிய நச்சுயிரே இன்றும் இதற்கு மூலம். அதற்காக 1951-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். குத்திய பத்தாம் நாளிலிருந்தே சான்று செல்லும். உடல் காப்பாற்றலை விளைவிக்க அத்துணை நாள் வேண்டும். முன்னர்ப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஒரே ஊசி வாழ்நாள் முழுமைக்கும் போதுமென்று விதி திருந்திற்று. அஞ்சுவார்க்கு இதனினும் இனிய செய்தி வேறில்லை.

யாவர்க்கும் இதனைப் போடுவதும் இல்லை. உயிருள்ள நச்சுயிராகலின் கைக்குழந்தைகட்கும், நோயெதிர்ப்பு மிகக் குறைந்தார்க்கும், முட்டை கடுமையாக ஒவ்வாதார்க்கும் தவிர்ப்பர். கருவுற்றார்க்கும் அறுபது வயது கடந்தார்க்கும் ஆராய்ந்தே தருவர். அத்தகையார்க்கு மருத்துவர் விலக்குச் சான்று தருதல் உண்டு. ஊசிக்கு அச்சம் என்பது விலக்குக்குரிய காரணமன்று.

தரகர் கூறிய வழிக்கு விடை இவ்வளவில் எமக்குக் கிடைத்துவிட்டது. மஞ்சட்காய்ச்சல் முற்றி ஈரல் கெட்டு உடல் மஞ்சளித்தாருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறக்கின்றனர். அதனைத் தீர்க்கும் தனி மருந்து இல்லை. பொய்ச் சான்று துறைமுக அதிகாரியை ஏமாற்றும், கொசுவை ஏமாற்றாது. நண்பரிடம் இதனைக் கூறினோம். அவர் தலை குனிந்து, "அது எனக்கும் தெரிகிறது. ஆனால் நான் மறுபடி விழுந்தால்?" என்றார். இவ்வினாவிற்கு விடை காண்பதே அரிதாயிற்று.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்கள் நான்கென வகுத்து, தெய்வம், கொடுவிலங்கு, திருடர், அரசன் என்பவற்றைக் கூறினார். ஊசியை அவர் கூறினாரில்லை. ஒட்டகம் நுழைதற்கரிய ஊசிக்காதினை நாம் மறைநூலிற் கேட்டிருக்கிறோம். மருத்துவர் ஊசிக்கோ தலையிற் காதில்லை, நீளம் முழுதுமே துளை. இத்துணைச் சிறியதொன்றுக்கு ஆடவர் அஞ்சுவதா என்று நகைப்பார் உளர். நகைப்பு அறியாமையே. குருதியும் காயமும் ஊசியும் பற்றிய அச்சம் நோய் எனத்தக்க அளவிற் பெரியோருள் நூற்றுவர்க்கு மூவர் நால்வர்க்கு உண்டென மருத்துவ நூலார் கணக்கிட்டுள்ளனர். குடும்பத்திற் பலர்க்குத் தொடர்ந்து வருவதும் உண்டு. நம் வீடுகளில் அதனை நாமே வளர்க்கவும் செய்கிறோம். சோறுண்ண மறுக்கும் குழந்தையிடம், "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்லட்டுமா?" என்று அச்சுறுத்தாத தாய்மார் எத்தனை பேர்? அக்குழந்தை வளர்ந்து இருபது வயதில் ஊசியைக் காணும்போது அன்றைய பூச்சாண்டியையே காண்கின்றது. எனினும் சிறு சளிக்கும் ஊசி போட்டால்தான் தீரும் என்று மருத்துவரை வற்புறுத்துவாரும் நம்மவரே. இவ்விரு கூட்டத்தாரும் ஒரே தெருவில் வாழ்வது விந்தை.

இவ்வச்சத்திற்குப் பிற அச்சங்களினின்று வேறுபட்ட ஓர் இயல்பு உண்டு. பாம்பைக் கண்டு அஞ்சுபவர்க்கு நெஞ்சு துடிக்கும், குருதியழுத்தம் ஏறும். அவர் ஓடுவாரன்றி மயங்கி வீழ்வது அரிது. ஊசிக்கு அஞ்சுவாருள் பலர்க்கோ, அழுத்தம் முதலில் ஏறிப் பின் சடுதியில் இறங்கிவிடுகின்றது, நெஞ்சுத்துடிப்பும் மெலிகின்றது. மூளைக்குச் செல்லும் குருதி குறைய, கண் இருண்டு வீழ்கின்றனர். இது கோழைத்தனமன்று, நரம்பின் செயல். இதனை அறியாமல் 'உடம்பைத் தளரவிடு, ஆழ மூச்சு விடு' என்று நாம் கூறும் அறிவுரை, மயங்கும் இயல்பினர்க்குப் பயன்படாமற் போவதன்றி, இறங்கும் அழுத்தத்தை மேலும் இறக்கவும் கூடும்.

சுவீடன் நாட்டு உளநூலார் லார்ஸ் கோரன் ஓஸ்ட் என்பவரும் உடனுழைத்தாரும் 1980-களில் இதற்கு நேர்மாறான முறையை வகுத்தனர். இருந்தபடியே கைகளையும் கால்களையும் வயிற்றையும் பத்துப் பதினைந்து நொடி இறுக்கவேண்டும், முகத்திற் சூடு ஏறுவது தெரியும் வரை. பின் இருபது முப்பது நொடி விடவேண்டும்; முற்றும் துவளாமல், இயல்பு நிலைக்கு வந்தாற் போதும். இவ்வாறு ஐந்து முறை. நாளுக்குப் பல வேளை. தசைகள் இறுகுங்கால் அழுத்தம் ஏறுகின்றது, மயக்கம் தடைப்படுகின்றது. ஊசி போடும்போது குத்தப்படும் கையை மட்டும் தளர்த்தி ஏனையவற்றை இறுக்கிக்கொள்ளலாம். பாட்டியாரின் திண்ணையில் நண்பர் இதனைப் பயின்றபோது, "பிள்ளைக்கு என்ன, சாமி வருகிறதா?" என்று அடுத்த வீட்டு அம்மையார் கேட்டுவிட்டார்.

அச்சத்தைப் படிப்படியாகப் பழக்குதல் மற்றொரு வழி. முதலில் ஊசியின் படத்தைக் காணுதல்; அது சலிப்பூட்டும் வரை காணுதல்; பின் மருந்துக்கடையில் வாங்கிய புதிய வெற்றூசிக் குழலை, உறை பிரியாமல், மேசைமேல் வைத்தல்; பின் கையில் எடுத்தல். நண்பர் முதல் நாளிற் படத்தையே காண மறுத்தார். நான்காம் நாள் குழலை மேசைமேல் வைத்துக்கொண்டு அதன் எதிரே இட்டிலி உண்டார். எமக்கு அது பெரிய வெற்றியாகத் தோன்றிற்று. இவ்வளவினும் அடங்காத அச்சமுடையார் உளமருத்துவரை நாடுதலே தக்கது. வலிக்கே அஞ்சுவார்க்குத் தோலை மரக்கச் செய்யும் களிம்பு உண்டு. ஊசிக்கு ஒரு மணிநேரம் முன்னர், மருத்துவரைக் கேட்டுத் தடவிக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றோடு செல்லலாகாது. தண்ணீர் பருகிச் செல்லவேண்டும். உடன் செல்வார் 'வலிக்கவே வலிக்காது' என்று கூறாமலிருத்தல் நலம். அது பொய் என்பது அரை நொடியில் வெளிப்பட்டு, அடுத்த ஊசிக்கு அவர் சொல் செல்லாக்காசாகிவிடும்.

ஏழு நாள் சென்றபின் நண்பரும் யாமும் மீண்டும் சென்றோம். விமான நாளுக்கு 17 நாள் இருந்தன. இம்முறை அவர் செய்த முதற்காரியம், வரிசையில் நிற்குமுன்னரே செவிலியரிடம் போய், "அம்மா, எனக்கு ஊசி என்றால் மயக்கம் வரும், சென்ற முறை விழுந்துவிட்டேன்" என்று கூறியது. இவ்வளவு சொல்லுதற்கு அவர் மூன்று நாள் எம்மிடம் ஒத்திகை பார்த்தார் என்பதை ஈண்டுக் குறிக்காமல் விடுதல் நேர்மையாகாது. அவ்வம்மையார் சிறிதும் நகைத்தாரில்லை. "முன்னாலேயே சொன்னீர்களே, அதுவே நல்லது தம்பி. படுத்துக்கொள்ளுங்கள், படுத்தவர் விழ முடியாது அல்லவா?" என்றார். நண்பர் படுத்தார், கால்களை இறுக்கினார், முகம் சிவந்தது. யாம் அவர் பக்கத்தில் நின்று, முன்னர் உறுதி செய்துகொண்டபடி, முதலாண்டிற் படித்த யாப்பிலக்கண வாய்பாடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டோம். தேமா, புளிமா வரை விடை வந்தது. கருவிளம் என்று அவர் தொடங்குமுன் செவிலியர் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்.

அரை மணி அமர்ந்திருக்குமாறு கூறினார்கள். எவ்வூசிக்குப் பின்னும் ஒவ்வாமை தோன்றுமாயின் பெரும்பாலும் அதற்குள் தோன்றும். நண்பர்க்கு ஒன்றும் தோன்றவில்லை. யாமே, அருகில் இருந்த சிறுமி ஒருத்திக்கு ஊசி குத்தப்பட்டதை வாய் பார்த்துக்கொண்டிருந்து, சிறிது தலை சுழலச் சுவரைப் பற்றிக்கொண்டோம். "கையை இறுக்கு!" என்று நண்பர் எமக்குக் கற்பித்தார்.

மஞ்சட்கையேட்டிற் பெயரும் நாளும் முத்திரையும் பதித்துத் தந்தனர். பத்தாம் நாளை எண்ணினோம். விமானத்திற்கு ஏழு நாள் மீந்தன. வீட்டில் பாட்டியார் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, பேரன் மேற்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சிறு சிவந்த புள்ளியன்றி ஒன்றும் இல்லை.

"தழும்பு எங்கேடா?" என்றார்.

"இதற்குத் தழும்பு விழாது பாட்டி."

அவர் நம்பவில்லை. தம் கையிலுள்ள இரண்டு வட்டங்களையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, அந்த மஞ்சட்கையேட்டை வாங்கி, வளையல் அடகுச் சீட்டு இருந்த அதே டப்பாவில் வைத்து மூடினார்.